பத்து நிமிடம் முந்திய பெட்டி

நல்லூர் மோகனசுந்தரத்துக்குப் பிசகு என்றாலே ஆகாது. பனியன் கம்பெனிக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே போனில் இயக்க ஒரு பெட்டி வடிவமைத்தார். கரண்டு என்ன ஆட்டம் போட்டாலும் ஒரு நொடி தவறாமல் மணி காட்டும் கடிகாரச் சர்க்யூட்டை அதற்குள் வைத்தார். சோறு தண்ணி மறந்து உழைத்தது அதற்குத்தான்.

கம்பெனியில் அதை மாட்டியதும், முதலாளி குழந்தையம்மாள் பெட்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏனுங்க தம்பி, இது பத்து நிமிசம் பின்னாடி ஓடுதுங்களே?”

“உங்க கடியாரந்தானுங்க தப்பு!”

“அது தெரியுமுங்க. முன்னாடி வெச்சாத்தான் டெய்லருங்க நேரத்துக்கு வருவாங்க. இதையும் அப்படியே வெச்சுருங்க.”

“அவிங்களுக்குத் தெரியாதுங்களா?”

“தெரியாமெ என்னுங்க! அந்தப் பத்து நிமிசத்தைக் கழிச்சுப் பாத்துட்டுத்தான் வருவாங்க.”

நேரில் செய்ய மனம் வராமல், மோகனசுந்தரம் வீட்டுக்குப் போய் போன் வழியாகவே நேரத்தை மாற்றினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி ஒரு நொடிகூடப் பிசகாமல் தப்பு மணி காட்டுகிறது.