சரிவு மாறிப்போன பிக்கப்

தச்சு வேலை செய்யும் கபூர் ஓடாவி ஒரு பேஸ் கிட்டாரைப் பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தபோது, வியாழக்கிழமை பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. சிரித்த முகத்தோடு வந்தான். பிக்கப் பதிக்க மரத்தில் வெட்டிய பள்ளம் கண்ணாடி மாதிரி இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு சிராய் இல்லை. அவனைப் பாராட்ட வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளம் நான் சொன்னதற்கு நேர் எதிர்ப் பக்கம் சரிந்து கிடந்தது.

ரேடியோ என்றால் பிழையாகப் பற்றவைத்த வயரைக் கழற்றிவிடலாம். மரத்தில் வெட்டியதை வெட்டாததாக்க ஏலாது. அந்தக் கிட்டாரை நம்பி ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தார். கல்முனையில் முப்பது வருஷத்துக்கு மேல் ரேடியோ, அம்பிளிபயர், பள்ளிவாசல் மைக் என்று திருத்தியவன் நான். திருத்த முடியாத பிழை ஒன்று என் மேசைக்கு வந்தது அன்றைக்குத்தான். இப்போது கிட்டார் திருத்தப் பழகுகிறவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. குமுகுமு

சத்தத்தில் குறை இருந்தால் படித்தவர்கள் அதற்கு ஓர் இலக்கம் சொல்வார்கள். என் கடைக்கு வந்தவர் யாரும் இலக்கம் சொன்னதில்லை. "பீப்பாக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி இரிக்கி" என்பார் ஒருவர். "தொண்டைக்குள்ள சோறு சிக்கின மாதிரி" என்பார் இன்னொருவர். ஒரு மோதினார் தன் பள்ளிவாசல் ஹோர்னைப் பற்றி, "நான் பாங்கு சொன்னா எனக்கே என்மேல கோவம் வருது" என்றார். அதைவிடத் தெளிவாக ஒரு பழுதை யாரும் சொல்ல முடியாது. இந்தக் கதைகளையெல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு வேலை படிப்பித்தது அவைதான்.

அந்தக் கிட்டாரின் சொந்தக்காரர் செல்வன் வந்தபோது சொன்னது ஒரே வரி: "குமுகுமுண்டு கிடக்கு, காக்கா." எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

செல்வன் சவளக்கடைப் பக்கம் நெல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவர். காரைதீவில் ஓர் இசைக்குழுவில் எட்டு வருஷமாக பேஸ் வாசிக்கிறார். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளிக்கூட விழா என்று அந்தக் குழு போகாத இடமில்லை. குழுவை நடத்துகிறவர் ஆனந்தன் மாஸ்டர், சங்கீத ஆசிரியர், கண்டிப்பானவர்.

"மாஸ்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"பேஸ் ஒண்டும் விளங்குதில்லயாம். கீபோட்ல தர்ஷினி இடது கையால பேஸ் வாசிக்கிறதுதான் தெளிவா இரிக்காம். வாற ஞாயிறு ஒத்திகையில கடைசியா ஒருக்காக் கேப்பாராம். அதுக்குப் பிறகு..." செல்வன் கிட்டாரை என் பக்கம் தள்ளிவைத்தார்: "எத்தின மாசம் அந்த மெஷின் சத்தத்துக்குள்ள கிடக்கிறன், காக்கா. இது இல்லாட்டி நானும் ஒரு மெஷின்தான்."

குழுவில் அவர் இழக்கவிருந்தது இந்த இடத்தை. எனக்கும் அது அப்போதே உறைத்தது.

2. ஒரே கம்பி, பல சத்தம்

செல்வனின் கிட்டார் விலை குறைந்த ரகம். ஒரே ஒரு பிக்கப், அதுவும் நெக் என்கிற கழுத்துப் பகுதிக்குக் கிட்ட, நேராகப் பதித்திருந்தார்கள்.

பிக்கப் என்பது கம்பிக்கு வைத்த மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முழுக் கம்பியும் கேட்காது. தனக்கு நேரே மேலே இருக்கிற துண்டு எப்படி ஆடுகிறதோ அது மட்டும்தான் கேட்கும். கரைவலைக் கயிற்றை இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க ஒருவர் உலுப்பினால், நடுப்பகுதி அகலமாக ஆடும், கையோரம் சின்னதாகத்தான் துடிக்கும். கம்பியும் அப்படித்தான். நெக் பக்கம் அகலமாக ஆடுவதால் அங்கே பிக்கப் இருந்தால் சத்தம் பெருத்து, உருண்டு, கனமாக வரும். கம்பிகள் உடம்பில் வந்து முடியும் பிரிட்ஜ் பக்கம் ஆட்டம் சின்னது. அங்கே சத்தம் மெலியும், ஆனால் இறுகும், ஒவ்வொரு தட்டலும் தனித்தனியே கேட்கும்.

பிக்கப்பைச் சரித்து வைத்தால் தடித்த கம்பிக்கு ஓர் இடத்திலும் மெல்லிய கம்பிக்கு இன்னோர் இடத்திலும் அது காது கொடுக்கும். செல்வனுடைய பிக்கப்பின் உள்ளே தனித்தனிக் காந்தக் குமிழ் இல்லை, நீளமாக ஒரே இரும்புப் பட்டைதான். அதனால் சரித்தாலும் எந்தக் கம்பியும் தப்பாது.

மரத்தை வெட்டுவதற்கு முதல் நான் ஒரு வேலை செய்வேன். பிக்கப்பைக் கழற்றி, வயரை நீட்டி, கம்பிகளுக்கு மேலே கவிழ்த்து, சைக்கிள் டியூப் பட்டியால் கட்டிவிடுவேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திக் கேட்பேன். செல்வன் வாசிக்க, நான் நகர்த்த, ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. கடையில் இருந்த எட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு நான் தீர்மானித்தது இது: பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரல் அகலம் தள்ள வேண்டும். தடித்த கம்பியின் முனை நெக் பக்கம், மெல்லிய கம்பியின் முனை பிரிட்ஜ் பக்கம் சரிய வேண்டும். தடிப்பும் போகாது, தெளிவும் வரும்.

"இதுதான்" என்றேன். செல்வனும் தலையாட்டினார்.

3. எக்ஸ்ரே பிலிம்

பள்ளத்துக்கு அளவு அச்சு வெட்ட எங்கள் பக்கத்தில் பழைய எக்ஸ்ரே பிலிம் பாவிப்போம். வளையும், கிழியாது, வீட்டுக்கு வீடு ஒன்று கிடக்கும். நான் பாவித்தது யாரோ ஒருவரின் முழங்கால். அதில் நடுக்கோடு போட்டு, பிரிட்ஜின் துளைகளைக் குறித்து, சரிந்த பள்ளத்தை அளவாக வெட்டியெடுத்து கபூரிடம் கொடுத்தேன்.

பிலிமுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. இரண்டு பக்கமும் தெரியும், கோடும் தெரியும். கபூர் அதைப் புரட்டி வைத்திருக்கிறான். நடுக்கோடு பொருந்தியது, துளைகளும் பொருந்தின. சரிவு மட்டும் மாறிவிட்டது.

"மச்சான், எல்லாம் அச்சொட்டாப் பொருந்திச்சே!" என்றான் கபூர். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பொருந்தும்தான். புரட்டினாலும் பொருந்தும்."

"நீ மேல கீழ எண்டு ஒரு எழுத்து எழுதி வெச்சிரிக்கலாம்தானே? முழங்காலப் பாத்து நான் என்னத்தக் கண்டன்?"

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. ஓர் எழுத்து எழுதியிருந்தால் புரட்டும்போது அந்த எழுத்தே காட்டிக்கொடுத்திருக்கும். பிழை என்னுடையது.

4. சொல்வதா, விடுவதா

பேசாமல் விட்டிருக்கலாம். செல்வனுக்கு நெல் மெஷின் தெரியும், பிக்கப் சரிவு தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய் இருந்தேன். குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருக்க, என் மனதில் அந்தப் பள்ளம்தான் கிடந்தது. திரும்பி வந்து செல்வனுக்குப் போனில் கோல் எடுத்தேன்.

வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளத்தையும் பிலிமையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வயலுக்குள்ள மெஷின் எதிர்ப்பக்கமாப் போனாலும் நெல்லு வெட்டுப்படும்தானே, காக்கா" என்று சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "ஆனா ஞாயிறு?"

"வேற கிட்டார் தேடுவமா?"

"எங்க தேடுற? ஒரு நாள் கிடக்கு. பூட்டுங்க, பாப்பம்."

நெக் பக்கத்துப் பழைய பள்ளத்தில் கபூர் மரத்துண்டு ஒட்டியிருந்தான். அதன் மேல் கறுப்புத் தகடு அடித்து மூடினேன். பிக்கப்பைப் புதுப் பள்ளத்தில் பூட்டி, கடை ஸ்பீக்கரில் தட்டினோம். தடித்த கம்பி மெலிந்து கேட்டது. நான் பயந்ததே நடந்தது. செல்வன் கிட்டாரைப் பைக்குள் வைத்தார். ஏசியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஞாயிறு நானும் வாறன், தம்பி" என்றேன். "மாஸ்டர்ட நானே சொல்றன், பிழை என்னில எண்டு."

5. காரைதீவு மண்டபம்

ஒத்திகை நடக்கும் மண்டபம் நீளமானது, மேலே தகரக் கூரை. உள்ளே நுழைந்து நான் ஒரு இருமல் இருமினேன். அது கூரையில் முட்டிச் சுற்றி வந்தது. அப்போதுதான் எனக்குள் ஏதோ பொறி தட்டியது. பள்ளிவாசலுக்கு மைக் பூட்டப் போனால் முதலில் கை தட்டிக் கேட்கிற நான், இந்த மண்டபத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

செல்வன் பெரிய பேஸ் ஸ்பீக்கர் பெட்டியில் வயரைக் குத்தி, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். குமுகுமு இல்லை. சத்தம் வந்தது, நின்றது. அடுத்தது வந்தது, நின்றது.

"இன்னொருக்கா தட்டுங்க" என்று ஓடிப்போய் ஸ்குரூட்ரைவரை எடுத்தேன். தடித்த கம்பிப் பக்கம் பிக்கப்பை இரண்டு சுற்று உயர்த்தினேன். மெலிவு போனது. மெல்லிய கம்பிப் பக்கம் நெக்குக்குக் கிட்ட இருந்ததால் அதுவும் கீச்சிடாமல் சதையோடு கேட்டது.

மாஸ்டர் பாட்டைத் தொடங்கச் சொல்லிவிட்டு வாசலடிக்குப் போய் நின்றார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டாவது வரி முடியிற இடத்தில ஒரு இறக்கம் வாசிச்சாய். எப்ப போட்ட அது?"

"எட்டு வருசமா அதத்தான் வாசிக்கிறன், மாஸ்டர்."

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இண்டைக்குத்தான் கேக்குது" என்றார். பிறகு கீபோட் பக்கம் திரும்பினார்: "பிள்ள, நீ இடது கையால பேஸ் வாசிக்கத் தேவல்ல."

"அப்பாடா!" என்றாள் தர்ஷினி. "அண்ணன்ட வேலயும் சேத்து என்ட கைதான் மாடா உழைச்சது. ஒரு சோடா வாங்கித் தரணும், செல்வண்ணன்!"

"ஒரு கேஸ் சோடாவே வாங்கித் தாறன்" என்றார் செல்வன். சிரித்தார். என் வாயில் "அல்ஹம்துலில்லாஹ்" தானாக வந்தது. மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிய மாதிரி, அருகில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாஸ்டர் என்னிடம் வந்தார். "என்னெண்டு கண்டுபிடிச்சீங்க, காக்கா?"

பெரிய ஆளாகிவிடலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. "கண்டுபிடிக்கல்ல, மாஸ்டர். பிலிம் புரண்டுபோச்சு" என்று முழுக் கதையையும் சொன்னேன். மாஸ்டர் சிரித்த சிரிப்பு தகரத்தில் முட்டி இரண்டு தரம் கேட்டது.

6. எனக்கு விளங்கியது

பிழை நல்லதில் முடிந்தது என்று இந்தக் கதையைச் சொல்லித் திரிய எனக்கு விருப்பமில்லை. யோசித்துப் பாருங்கள். கபூர் பிலிமைச் சரியாக வைத்து, நான் சொன்னபடியே வெட்டியிருந்தால் தடித்த கம்பியின் முனை நெக் பக்கம் போயிருக்கும். என் எட்டு இஞ்ச் ஸ்பீக்கருக்கு அது இனிமை, கனத்த சத்தத்தைச் சுற்றவிட்டு இன்னும் வீங்கவைக்கும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே பழைய குமுகுமுதான். செல்வன் தன் இடத்தை இழந்திருப்பார், நானோ சரியாகத்தான் வேலை செய்தேன் என்று நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதற்காக எல்லாக் கிட்டாருக்கும் எதிர்ப்பக்கம் சரிக்கவும் வேண்டாம். பிறகு ஒருநாள், ஓலுவிலில் சின்ன அறையில் வாசிக்கும் ஒருவரின் பேஸ் வந்தது. அறையில் பாய், மெத்தை, திரைச்சீலை எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். அவருக்குத் தடித்த முனையை நெக் பக்கம்தான் சரித்தேன். நல்லாயிருக்கிறது என்றார். இந்த முறை அந்த அறைக்கு நானே பெட்டியோடு போய், பிக்கப்பைக் கம்பிமேல் கட்டி நகர்த்திக் கேட்ட பிறகுதான் கபூரிடம் போனேன். பிலிமில் "மேல்" என்று பெரிதாக எழுதியும் கொடுத்தேன்.

ஆகவே கிட்டாரோடு ஒருவர் உங்களிடம் வந்தால், பிக்கப் எது, கம்பி எது என்பதைப் பிறகு பாருங்கள். எந்த மண்டபத்தில், எந்தக் கூரைக்குக் கீழே வாசிக்கிறார் என்று முதலில் கேளுங்கள். ஏலுமென்றால் போய் நின்று கேளுங்கள். அவர் வருஷக்கணக்காக வாசிப்பது மற்றவர் காதில் விழ வேண்டும். நாம் மரத்தில் கை வைப்பது அதற்காகத்தான்.