நாலாம் மாடியின் வணிகத் தடை

அமெரிக்க வரலாறு எனக்குப் படித்து வந்ததல்ல, காதில் விழுந்து வந்தது. அக்கா ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம் அது. மேசையில் இருந்து படித்தால் அவளுக்கு ஒன்றும் ஏறாது. கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் நாலாம் மாடி ஃபிளாட்டின் ஒடுங்கிய நடையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து நடந்து உரத்துப் பாடமாக்குவாள். அப்பா செய்தி கேட்க முடியாமல் ரீவியை நிற்பாட்டிவிட்டுப் பேப்பரைத் தூக்குவார். "சுதந்திரம் பெற்ற அமெரிக்கா இலண்டனுக்குத் தூதரை அனுப்பியது. இங்கிலாந்தோ சில ஆண்டுகள் பதிலுக்கு ஒருவரையும் அனுப்பவில்லை" என்று அவள் கத்துவாள். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது மட்டும் அமெரிக்கா கொஞ்சம் வாயை மூடும்.

அந்த நேரம் எங்கள் கட்டடத்திலும் இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டிருந்தன. நாலாம் மாடியில் அம்மா, இரண்டாம் மாடியில் மாமி. மாமி என்றால் அம்மாவின் தம்பியுடைய மனைவி. ஒரு நாள் அம்மா சந்தையால் வந்தவள், மீன் பையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நேரே கீழே இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டால், "பெரிய ஆக்களின்ரை கதைக்குள்ளை உனக்கென்ன வேலை?" என்று விழும் பேச்சு எனக்குத்தான். மாமா நடுநிலை வகித்தார். அதாவது, லிஃப்டுக்குள் அம்மா நின்றால் அவர் படியால் இறங்கிப் போனார்.

ஆனால் கிரைண்டர் எங்களுடையது, இடியப்ப உரல் அவர்களுடையது. சண்டை என்றாலும் காலையில் இடியப்பமும் வெள்ளிக்கிழமையில் தோசையும் வேண்டுமே. ஆகவே ஒரு தூதர் தேவைப்பட்டார். அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பதவி! மாமி என்னை ஹோலில் இருத்தி, ஃபேனைப் போட்டு, சுடச்சுட ரோல்ஸ் பொரித்துத் தருவாள். நான் தின்று முடிக்குமட்டும் பக்கத்திலேயே நின்று பார்ப்பாள். மேலே வந்ததும் அம்மா, "என்ன சொன்னவ?" என்று கேட்பதற்கு முன்னம், "என்ன சாப்பிடத் தந்தவ?" என்றுதான் கேட்பாள். நான் ரோல்ஸை விவரிக்க விவரிக்க அவள் முகம் இளகும். எனக்கென்றால் நான்தான் அக்காவின் கொப்பியில் வருகிற அமெரிக்கா என்ற நினைப்பு. தலை கால் தெரியாமல் திரிந்தேன்.

பிறகு இங்கிலாந்து தூதரை அனுப்பியது. வந்தவள் மச்சாள்.

மாமாவின் மகள் அவள். என் வயதுதான், ஆனால் இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர். ஒற்றைப் பின்னல், கை மொத்தத்துக்கு இருக்கும். என்னுடையது இரட்டைப் பின்னல், இரண்டும் எலிவால். இடியப்ப உரலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றவளை அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். அலுமாரிக்கு மேலே, எனக்கு எட்டாத இடத்தில், நல்ல நாள் பெருநாளுக்கென்று பயத்தம் பணியார டின் ஒன்று இருந்தது. நான் கேட்டால் "பொறு, பொறு" என்று ஒத்திப்போடப்படும் டின். அது அன்று திறந்தது. அவளுக்கு! ஆத்திரத்தில் எனக்குக் காது சுட்டது.

அதோடு விட்டாளா அம்மா? மச்சாளைத் தன் முழங்காலுக்கு முன்னால் இருத்தி, அவளுடைய பின்னலை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, பேன் பார்க்கிற சாட்டில் விரலால் கோதிக் கோதி, நடு வகிடு எடுத்துத் திரும்பவும் பின்னினாள். அவசரமே இல்லை. காலையில் எனக்குப் பின்னும்போது பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடிக்கும், சீப்பு மண்டையில் உழும், "ஆடாதை" என்று குட்டும் விழும்.

"எனக்கும் உப்பிடிப் பின்னி விடுங்கோ" என்று போய் நின்றேன்.

"உனக்கு நாளைக்கும் பின்னலாம்தானே. இப்ப பேசாமல் இரு" என்றாள் அம்மா, என்னைத் திரும்பியும் பாராமல்.

மச்சாள் அதற்குப் பிறகு ஒரு சாட்டும் இல்லாமல் வரத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் எண்ணெய், சீப்பு, டின். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பேன். பொறாமை என்று எனக்குத் தெரியும், பெயர் தெரியாத நோயல்ல அது. அவள் படியில் தடக்கி விழவேண்டும், அந்தப் பின்னலில் சூயிங்கம் ஒட்டவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். பிள்ளையார் அசையவில்லை.

வழி காட்டியது அக்காதான், அவளுக்கே தெரியாமல். ஒரு வெள்ளிக்கிழமை பொழுதுபட நடையில் கத்திக்கொண்டு வந்தாள்: "இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தமையால், எந்த அந்நிய நாட்டோடும் வணிகம் இல்லை என அமெரிக்கா தடை விதித்தது. இதனால் இரு வல்லரசுகளும் பணியும் என அது எண்ணியது." அந்த இடத்தில் கரண்ட் போனது. அக்கா கொப்பியை மூடிவிட்டாள். எனக்கு அவ்வளவும் போதுமாக இருந்தது.

அன்று இரவே தடை விதித்தேன். மாமி வீட்டு ரோல்ஸும் வேண்டாம், எங்கள் வீட்டுப் புட்டும் வேண்டாம். தூதும் போகமாட்டேன்.

"என்ன, உண்ணாவிரதமோ?" என்று அக்கா சிரித்தாள்.

"விடு, பசிச்சால் தானாய் வருவாள்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை விடிந்தது. காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டேன். மத்தியானம் அம்மா வேண்டுமென்றே மீன் பொரித்தாள். அந்த வாசத்துக்குத் தப்பிக் கீழே போனால், வாசலில் காவலுக்கு நிற்கும் வோச்சர் அய்யே சிங்களத்தில், "நங்கி, கேம கேவத?" என்று சாப்பாட்டையே விசாரித்தார். ஓம் என்று தலையாட்டிவிட்டு மேலே வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மச்சாள் வந்து எட்டிப் பார்த்தாள். "நீ சாப்பிடேல்லையாமே?" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடுவது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மாமி வந்தாள். சண்டைக்குப் பிறகு முதல் தரம். கையில் மூடிய கோப்பை. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"பிள்ளை நேற்றிலை இருந்து சாப்பிடேல்லையாம்" என்றாள் மாமி. "என்னிலை இருக்கிற கோபத்திலை பிள்ளையைப் பட்டினி போடாதேங்கோ."

"நான் பட்டினி போடுறனோ? கேளும் அவளை!"

அந்த நேரம் பார்த்து ரயில் போனது. இருவரும் பேசமுடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது நீளமான ரயில். போய் முடிந்தபோது அம்மாவின் குரல் வேறாக இருந்தது.

"உள்ளுக்கு வாருமன். வாசல்லை நிண்டு என்ன கதை."

கோப்பை என் கைக்கு வந்தது. உள்ளே ரோல்ஸ். இரு வல்லரசுகளும் பணிந்துவிட்டன, இனி என்ன தடை? கட்டிலில் இருந்து அமுக்கத் தொடங்கினேன். குசினிக்குள் அவர்கள் கதைப்பது கேட்டது.

"என்ரை தம்பி நாட்டை விட்டுப் போறதை மீன்காரன் சொல்லியே நான் அறியோணும்?"

"உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு அவர் ஒவ்வொரு நாளும் தவிச்சவர். விசா வந்ததிலை இருந்து ஒழுங்காய் நித்திரையுமில்லை. அமெரிக்கா என்ன கிட்டவே இருக்கு, நினைச்சவுடனை வந்து பாக்க?"

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் சாப்பிடாததற்குத்தான் அவ்வளவு அழுகையும் என்று நினைத்தேன், உச்சி குளிர்ந்தது. ஆனால் ஒரு சொல் மட்டும் காதில் சிக்கியது. அமெரிக்காவா? அங்கேயா போகிறாள் மச்சாள்? தூதும் நான், பட்டினியும் நான், கடைசியில் என் நாட்டுக்குப் போவது அவளா! மிச்ச ரோல்ஸை, தாயின் பின்னால் மேலே வந்திருந்த மச்சாளுக்குக் காட்டாமல் தின்றேன். நடையில் அக்கா மறுபடி தொடங்கியிருந்தாள்: "எனினும் இத்தடையால் பெரிதும் வருந்தியது அமெரிக்காவே." அன்று இரவு வயிற்றோட்டத்தோடு அதை நான் ஒத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவர்கள் போனார்கள். விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் அம்மா மச்சாளுக்குத் தலை பின்னிவிட்டாள். பிந்துகிறது என்று மாமா கீழிருந்து கூப்பிட்டார், அம்மா பின்னினதை அவிழ்த்துத் திரும்பவும் முதலில் இருந்து பின்னினாள்.

மறுநாள் காலையில் நான் போய் அம்மாவின் முழங்காலுக்கு முன்னால் இருந்தேன். இனி எல்லாம் எனக்குத்தான் என்ற சந்தோசம். வான் ஹோர்ன் அடித்தது. அம்மா அவசரப்படவில்லை, குட்டவில்லை. எண்ணெய் வைத்து, விரலால் கோதிக் கோதி, நடு வகிடு எடுத்துப் பின்னினாள். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். என் எலிவால் இரண்டையும் ஒன்றாக்கி, ஒற்றைப் பின்னலாய்ப் பின்னியிருந்தாள்.

"அம்மா, எனக்கு ரெட்டைப் பின்னல்" என்றேன்.

அம்மா அதை அவிழ்த்தாள். அவ்வளவு தூரம் போன பிறகும் மச்சாள் என் தலையிலும் வந்து ஏறியிருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.