ரேடியேட்டருக்கு வைத்திருந்த மாவு

நல்லசாமி ஓட்டிய கார், மூன்று பேர் ஓட்டித் தேய்த்தபிறகு முதலாளி சொக்கப்பன் செட்டியார் வாங்கியது. அவருக்கு மலாயாவில் ரந்தாவ் பக்கம் ரப்பர் தோட்டம், ரஹாங்கில் வீடு. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் வண்டி இரண்டு தடவையாவது படுத்துவிடும். ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த நல்லசாமியை டிரைவராக்கியதே அவன் கைவேலைக்காகத்தான். வெடித்த ஹோஸில் ரப்பர் பாலில் தோய்த்த துணியைச் சுற்றிக் கட்டுவான். பெல்ட் அறுந்தால் பெண்டாட்டி மயிலம்மாளின் பழைய சேலையைக் கிழித்து முறுக்கிப் போடுவான். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பிடி மாவைக் கரைத்து உள்ளே ஊற்றுவான். அது சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும்.

“புது ரேடியேட்டர் போட்டுடலாம் முதலாளி” என்று அவன் கேட்காத மாதமில்லை.

“நீ இருக்கியேப்பா, அது எதுக்கு?” என்பார் செட்டியார். அதைக் கேட்டு இந்த மடையனும் உச்சி குளிர்ந்துபோவான்.

அது வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த நேரம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று, வேலி போட்ட கூலிக்காரர் லயத்தைவிட்டு ஒரு பிடி அரிசியோ மாவோ வெளியே போகக் கூடாது என்றிருந்தார்கள். பிடிபட்டால் சிறை. நல்லசாமிக்கு இது தெரியாதா? வேலைக்குக் கிளம்பும் மயிலம்மாளின் மடியில் சோறு கீறு கட்டியிருக்கிறாளா என்று தினமும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவான். ஆனால் சீட்டுக்கு அடியில் பிஸ்கட் டின்னில் கிடந்த மாவு அவன் கண்ணுக்குச் சாப்பாடாகவே படவில்லை. ஸ்பேனரைப் போல அதுவும் ஒரு வண்டிச் சாமான். செட்டியார் கார் என்று அதுவரை யாரும் சோதித்ததும் இல்லை.

ஒருநாள் காலையில் சோதனைச் சாவடிக்குப் புதிதாக வந்திருந்த மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன் காரைச் சோதித்தார். டின்னைத் திறந்து, “யாருக்கு இது?” என்றார்.

“வண்டிக்குத்தான் துவான்! ரேடியேட்டர்ல ஊத்துறது.”

சுற்றி நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே ஊற்றிய மாவைக் காட்டலாமென்று நல்லசாமி ஓடினான். கொதித்துக்கொண்டிருந்த ரேடியேட்டர் கிட்டவே விடவில்லை. சார்ஜன் பின்சீட்டைப் பார்த்தார். செட்டியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் சாலையோரம் மாவு கரைப்பதைக் குடை பிடித்து நின்று எத்தனை தடவை பார்த்தவர் அவர்!

“டிரைவர் என்ன வச்சிருக்கான்னு எனக்கெப்படித் தெரியும்?” என்றார் செட்டியார்.

போலீஸ் லாரியில் நல்லசாமியை ஏற்றினார்கள். செட்டியாரைக் கொண்டுபோய் விட ஒரு போலீஸ்காரர் காரில் ஏறி உட்கார்ந்தார். அப்போது செட்டியார் லாரியருகே வந்தார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று அப்போதும் நம்பினான் இவன்.

“ஏம்பா, வண்டி வீடு வரைக்கும் போய்ச் சேருமா?”

“போயிடும் முதலாளி. மேட்டுல மட்டும் நிறுத்திடாதீங்க.”

சிறையில் இரண்டு வருஷம் இருந்தான். அதற்குள் மயிலம்மாளையும் பிள்ளைகளையும் லயத்து வீட்டைவிட்டு இறக்கிவிட்டார்கள். செட்டியாரைத் திட்டித் திட்டி அவனுக்கு வாயே ஓய்ந்துபோனது. ஆனால் அந்த நேரத்திலும் ‘முதலாளி’ என்று குழைந்து பதில் சொன்னானே, அதற்காகத் தன்னை மட்டும் அவனால் சாகிறவரை மன்னிக்க முடியவில்லை.