கருஞ்சிறுத்தைக்கும் ஆட்டுக்கும் நடுவுல நான்

ஆட்டுக்கும் கருஞ்சிறுத்தைக்கும் நடுவுல பஞ்சாயத்து பண்றதுதான் என் வேலை; அதுல சொன்ன பேச்சைக் கேக்காத ஒரே பிராணி மனுஷன்தான். சம்பளத்துக்கு ஊருக்கு நல்லது சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டவங்களே, நீங்களாவது என் வயித்தெரிச்சலைக் கேளுங்க. லூபோக் சீனா பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒண்ணு. அங்க சிறுத்தை ஆட்டை அடிச்சா, மிச்சக் கறியில விஷம் வச்சுடுவாங்க. அதைத் தின்ன வர்ற சிறுத்தை செத்துடும். அதனால பொழுது சாயும்போது ஆடுகளை அடைக்க வைக்கணும். அவ்வளவுதான் வேலை!

கொட்டகை

துரை அண்ணன் தோட்டத்துல லாரி ஓட்டுறவரு. எங்க வனவிலங்கு இலாகாவுல கெஞ்சிக் கூத்தாடி, அவருக்குக் கூரையோட கெட்டிக் கம்பிவலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பாக்குறேன், ஆடெல்லாம் வெளியில. உள்ள அவரோட மோட்டார் சைக்கிள் பூட்டுப் போட்டு நிக்குது. என்னண்ணே இதுன்னு கத்துனேன். அவரு அசரவே இல்ல.

"திருடன் தொட்டா ஆடு கத்தும் தங்கச்சி, மோட்டார் கத்துமா?"

விளக்கு

அடுத்த வீட்டு மேரி அக்காவோட ஆட்டுக் கொட்டகையில, சிறுத்தையை வெரட்ட மினுக்கு மினுக்குன்னு எரியிற சோலார் விளக்கு மாட்டினேன். டிசம்பர்ல போனா கொட்டகை இருட்டா கெடக்கு. விளக்கெல்லாம் வாசல்ல, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துல! தலையில அடிச்சுக்கிட்டேன். அக்கா பலகாரத் தட்டை நீட்டினாங்க.

"நல்லாருக்கில்ல? குடிலுக்கு இன்னும் ரெண்டு கொண்டாம்மா."

சாமி கிடா

ஒரு வழியா எல்லா ஆடும் கொட்டகைக்குப் போச்சு, துரை அண்ணன் முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடாவைத் தவிர. சாமிக்கு விட்டதைக் கட்டக்கூடாதாம். கால்ல விழாத குறையா கெஞ்சினேன். ம்ஹூம்! ஒருநாள் காலையில ஃபோன் வந்துச்சு, கிடாவைச் சிறுத்தை அடிச்சுப் போட்டுருச்சுன்னு. புக்கிட் பெருவாங்ல இருக்கிற என் வீட்டுல இருந்து காரைப் பறக்கவிட்டுப் போனா, பாதி தின்ன கிடாவைச் சுத்தி ஆளுங்க, ஒருத்தர் கையில விஷ டின். சட்டம், ஜெயில்னு தொண்டை கிழியக் கத்துறேன், ஒருத்தரும் திரும்பிக்கூட பாக்கல. எனக்கு அழுகையே வந்துருச்சு.

கிடாவைப் பறிகொடுத்த துரை அண்ணன்தான் அந்த டின்னைப் பிடுங்கினாரு.

"டேய், சாமி பங்குல விஷம் வைக்கிறவன் குடும்பம் வெளங்குமா? எடுத்துட்டுப் போங்கலா!"

சிறுத்தை பொழைச்சுது, சந்தோஷம்தான். ஆனா வேண்டுதல் இன்னும் பாக்கி இருக்குன்னு அண்ணன் அடுத்த வாரமே இன்னொரு கிடாவை அவுத்து விட்டுட்டாரு.