வட்டமான ஃப்ளெக்ஸ்

அரியலூரில் இருக்கும் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒருநாள் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய தழும்பு. ஒரு சபையாரின் வாழ்த்து இன்னொரு சபையாருக்குப் பிடிக்காது என்பதால், யாரைப் பார்த்தாலும் "ஸ்தோத்திரம், பிரைஸ் த லார்ட், வணக்கம்" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். என் கடை வாசலில் கிடந்த நாய்க்கும் சொன்னார்.

பெரம்பலூர், அரியலூர் போதகர்கள் எல்லாரையும் ஒரே மேடையில் உட்காரவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. போன முறை நடத்திய ஐக்கியக் கூட்டத்தில், ஃப்ளெக்ஸில் தங்கள் படம் கீழ் வரிசையில் இருந்ததைப் பார்த்து நான்கு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்களாம்.

"அதனால இந்தத் தடவ வட்டமா போட்டுடுங்க சார். பன்னெண்டு பேர் படமும் சுத்தி வரணும்."

"வட்டத்துலயும் ஒருத்தர் உச்சில வருவாரேங்க?"

"பலகைல ஒட்டி, நடுவுல ஒரே ஒரு ஆணி அடிச்சுடுவேன். யார் உள்ள வராங்களோ, அவரு மேல வர்ற மாதிரி திருப்பி விட்டுடலாம்."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நடுவுல இயேசு படம் போட்டுடவா?" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வேணாங்க. அங்கதான ஆணி வரும். அவருக்கு மறுபடியுமா?"

சற்று யோசித்து, பர்ஸிலிருந்து தன் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்து நீட்டினார். "இதப் போடுங்க."

அவர் எந்தச் சபை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூட்டத்தன்று எட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது போதகரும் உள்ளே வந்துகொண்டிருந்தார். அவருக்காகப் பலகை மெதுவாகத் திரும்பியது. நடுவில், மூக்கில் ஆணியோடு, இவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.