இருபத்துநான்கு நெற்றிகள்

பொம்மைக்குப் பெயிண்ட் அடித்தால் மனசு லேசாகும், டென்ஷன் குறையும் என்று யாராவது என்னிடம் சொன்னால் பற்றிக்கொண்டு வரும். லேசாவது மண்ணாவது. கட்டைவிரலின் மேல் கணு உயரம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் சிப்பாயின் மார்பில், குறுக்கே போகும் வெள்ளை வாரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து மணிமங்கலம் ரோட்டில் ஜல்லி லாரி ஒன்று குழியில் இறங்கி ஏறும். வீடே ஒரு குலுங்கு குலுங்கும். வார் வயிற்றுக்குப் போய்விடும். நான் லாரிக்காரனையும், ரோடு போட்டவனையும், அவன் பரம்பரையையும் திட்டுவேன். என் மனைவி உள்ளே இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு திட்டச் சொல்லுவாள்.

எனக்கு ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கிற கம்பெனியில் வேலை. டச்சப் பிரிவு. பெயிண்ட் அடித்து வரும் பம்பரில் எங்கே தூசி உட்கார்ந்திருக்கிறது, எங்கே சொட்டு நின்றிருக்கிறது என்று வெள்ளை விளக்கடியில் தேடி, தேய்த்து, சரிபண்ணி அனுப்ப வேண்டும். பதினாறு வருஷமாகக் குற்றம் கண்டுபிடிக்கிறதுதான் என் தொழில். அந்தக் கண்ணை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரமுடியாது. வீட்டுக்கு வந்தால் சாம்பாரிலும் அது குற்றம் கண்டுபிடிக்கும்.

ஆன்லைனில் வேறு எதையோ தேடப்போய் நெப்போலியன் காலத்துச் சிப்பாய்கள் ஒரு டப்பா வாங்கினேன். அப்புறம் இன்னொன்று. பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன், ரஷ்யாக்காரன் என்று ஒவ்வொருத்தனுக்கும் டப்பா இருக்கிறது. குதிரைக்குத் தீனி போடுகிறவனுக்குக்கூட ஒரு பொம்மை இருக்கிறது. அதே வருஷங்களில் நம் ஜில்லாக்களில் இருந்து போய்ச் சிவப்புக் கோட்டு மாட்டி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துப்பாக்கி தூக்கினானே மதராஸ் சிப்பாய், அவனுக்கு நான் தேடிய இடத்தில் எல்லாம் ஒன்றுமே இல்லை. வயிறு எரிந்தது. சரி, நீ செய்யாவிட்டால் போ, நான் செய்துகொள்கிறேன் என்று இங்கிலீஷ்காரன் டப்பாவைப் பிரித்து வெட்ட ஆரம்பித்தேன்.

உயரமான தொப்பியை பிளேடால் சீவி எறிந்துவிட்டு, குழாய் ஒழுகலை அடைக்கும் புட்டியில் வட்டத் தொப்பி உருட்டி வைக்க வேண்டும். முழுக்கால் சட்டையை முட்டிக்கு மேலே வரைக்கும் செதுக்கினால் கீழே கால் வரும். பூட்சை அறுத்துச் செருப்பு ஆக்க வேண்டும். முகத்துக்குக் கறுப்பும் பழுப்புமாக ஆறு கலவை வைத்திருந்தேன். இருபத்துநான்கு பேருக்கு இரண்டு வருஷம் ஆனது.

நான் எடுத்துக்கொண்டது வேலூர்க் கோட்டையில் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளம்பினார்களே, அதற்குச் சற்று முந்திய அணிவகுப்பு. புதுத் தொப்பி போட்டுத்தான் ஆகவேண்டும், காதில் கடுக்கன் கூடாது, நெற்றியில் நாமமோ விபூதியோ பொட்டோ எதுவும் கூடாது என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டிருந்த நேரம். அதனால் இருபத்துநான்கு நெற்றியையும் வெறுமையாக விட்டேன். வெறும் நெற்றி என்பது சும்மா விடுவதல்ல. தொப்பியின் நிழல் ஒரு கோடு, அதற்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடு. முடியை வைத்து வரைந்தது மாதிரி இருக்க வேண்டும்.

போன வருஷம் என் பிரெஞ்சுக்காரர்களோடு சென்னையில் நடந்த மாடல் போட்டிக்குப் போய் அசிங்கப்பட்டேன். கடைசியில் பெயிண்ட்மேல் பூச்சாக அடிக்கும் நிறமில்லாத மேட் கிளியரை வீட்டிலேயே அடித்ததால் மழைக்காலத்து ஈரம் உள்ளே மாட்டி, எல்லாருக்கும் விபூதியில் குளித்த மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. இந்த வருஷம் விடுவதில்லை என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன். எங்கள் கம்பெனியின் மூடிய பெயிண்ட் பூத்தில் ஈரமும் வராது, தூசியும் வராது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லைனை நிறுத்திவிட்டு எல்லாரும் கழுவித் துடைக்கிற நேரத்தில் பத்து நிமிஷம் அடித்துக்கொள், நான் பார்க்கவில்லை என்றார். கம்பெனி கிளியரைத்தான் அடித்தேன். பம்பரை அடுப்பில் சுடுகிற மாதிரி இவர்களைச் சுட முடியாது, உருகிவிடுவார்கள். தானாகக் காயட்டும் என்று பூத்துக்கு வெளியே ஒரு தட்டில் நிற்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதற்கு நடுவில் இருந்தது பூஜையும் விஜயதசமியும் ஒரு சனிக்கிழமை ஷிப்டும்தான்.

பூஜை அன்று காலையில் பிளான்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. கம்ப்ரஸருக்கு மாலை, ஸ்ப்ரே கன்னுக்குச் சந்தனம், கம்ப்யூட்டருக்குக் குங்குமம், போர்க்லிப்ட் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பிளான்ட் மேனேஜர் வேட்டி கட்டிக்கொண்டு ஆரத்திக்கு நின்றிருந்தார். நான் நேராக என் தட்டுக்குப் போனேன்.

இருபத்துநான்கு நெற்றியிலும் பொட்டு. சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். ஒருத்தன்கூட விடுபடவில்லை. பாவி, என்ன பொறுமையாக வைத்திருந்தது அந்தக் கை. ஒன்றை எடுத்துத் துடைத்தேன். கிளியர் இன்னும் முழுசாகக் காயாததால் சிவப்புச் சாயம் உள்ளே இறங்கிக் கன்னம் வரைக்கும் இழுபட்டது.

அப்புறம் நான் கத்தினது ஆரத்தி மணியைத் தாண்டிக் கேட்டது. யார் வைத்தது என்று கேட்டேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா முன்னால் வந்தார். காண்ட்ராக்டில் எங்கள் லைனைக் கூட்டித் துடைக்கிறவர், ஐம்பது வயதிருக்கும், வாலாஜாபாத் பக்கத்தில் இருந்து வருகிறவர். முகத்தில் பயமே இல்லை. நல்லது செய்துவிட்டு வந்து நிற்கிற முகம்.

"பூஜ அன்னிக்கு எல்லாம் பொட்டு வெச்சிகினு கீதுங்க, இவங்க மட்டும் வெறும் நெத்தியோட நிக்கிறாங்களேன்னு வெச்சேன் தம்பி. இன்னா தப்பு?"

"நெத்தியில எதுவும் இருக்கக் கூடாது. அதான் ஆர்டர்" என்றேன். "தெரியாத பொருள் மேல கையை வெக்கிறதுக்கு உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

உனக்கு என்றுதான் கேட்டேன். அதுவரைக்கும் அவரை நீங்கள் என்று கூப்பிட்டவன். அதோடு நிறுத்தினேனா, இல்லை. துடைப்பம் பிடிக்கிற கைக்குத் துடைப்பத்தோடு நிற்கத் தெரியாதா என்கிற அளவுக்குப் போனேன். லைன் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் பக்கத்தில் வந்து என்ன டேமேஜ் என்று கேட்டார். இரண்டு வருஷ வேலை போச்சு சார் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஆரத்திக்குப் போனார்.

மறுநாள் லீவு. காலையில் இருந்து விளக்குப் போடும் வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு நெற்றியாகச் சுரண்டி, மறுபடியும் நிழல், மறுபடியும் வெளிச்சம் என்று வரைந்தேன். அன்றைக்கெல்லாம் அந்த அக்காவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை ஷிப்டில் வேறு ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். அக்கா எங்கே என்று பக்கத்து டச்சப் ஆளிடம் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். டச்சப் சாம்பிளைப் பாழாக்கியதாக ரிப்போர்ட் போட்டு, பூஜை முடிந்த கையோடு காண்ட்ராக்டரிடம் சொல்லி அவரை நிறுத்திவிட்டார்களாம். சாம்பிளாம். என் பொம்மைகள் அந்தப் பேப்பரில் கம்பெனி சொத்தாகிவிட்டன.

உடனே எழுந்து ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அது என் பொம்மை என்று சொன்னால், உன் பொம்மைக்குக் கம்பெனி கிளியர் எப்படி வந்தது என்று கேட்பான். கேட்டால் பொம்மைகளைப் பிடுங்கி வைத்துக்கொள்வான். நாளைக்குப் போட்டி. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பம்பரைத் தேய்த்தேன். இதை இப்போது எழுதும்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போல வருகிறது.

போட்டியில் என் மேஜைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். நம்ம ஊர்ச் சிப்பாய்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், ஒருத்தருக்குக்கூட நெற்றியில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தேன். பெருமையாக ஆரம்பித்தேன். வெள்ளைக்கார அதிகாரி போட்ட உத்தரவு அது, நெற்றியில் எந்தக் குறியும் கூடாது, உத்தரவை மீறினால் சவுக்கடி, வேலையும் போய்விடும் என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பூஜை அன்று காலையில் அந்த லைனில் வெள்ளைக்காரன் யார் என்று எனக்கு வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்மணி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார், என் காதில் விழவில்லை. சாயங்காலம் இரண்டாம் பரிசு என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை எச்ஆர் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அவை கம்பெனி சாம்பிள் அல்ல, என்னுடைய பொம்மைகள், கம்பெனி கிளியரைக் கேட்காமல் அடித்தது நான், ஹவுஸ்கீப்பிங் அக்கா மேல் எந்தத் தப்பும் இல்லை. சூப்பர்வைசரை இழுக்கவில்லை. எச்ஆர் பையன் படித்துவிட்டு எனக்கு மெமோவும் மூன்று நாள் சஸ்பென்ஷனும் கொடுத்தான். அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த அக்காவை எப்போது திரும்ப எடுப்பீர்கள் என்று கேட்டேன்.

"அவங்க நம்ம எம்ப்ளாயி இல்லீங்களே. காண்ட்ராக்டர்கிட்ட பேசுங்க."

ரிப்போர்ட் போட்டு அனுப்பும்போது மட்டும் உங்கள் எம்ப்ளாயியா என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். காண்ட்ராக்டருக்குப் போன் போட்டால், அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு சார், இனிமேல் என்னங்க பண்றது என்றான். ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒரே நாளில் ஆளைத் தூக்கத் தெரிகிறது. அதே ரிப்போர்ட் பொய் என்று எழுதிக் கொடுத்தால் திரும்ப வைக்கத் தெரியவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கொதித்து என்ன, அந்த ரிப்போர்ட்டுக்கு வழி செய்து கொடுத்தது என் வாய்தான்.

சஸ்பென்ஷனில் இருந்த மூன்று நாளும் அவரைத் தேடினேன். ஒரகடம் கூட்ரோட்டுக்கு உள்ளே, தெற்கத்திப் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் பாத்ரூம் கழுவுகிறார் என்று மூன்றாம் நாள்தான் தெரிந்தது. போனேன். மாடிப் படிக்கு அடியில் பக்கெட்டில் பினாயில் கலக்கிக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் காலியாகக் கிடந்தது, எல்லாரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். மெமோ வாங்கியதைச் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் அக்கா, மன்னித்துவிடுங்கள் என்றேன். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் அவை.

அவர் கலக்குவதை நிறுத்தவில்லை.

"கத்தும்போது நூறு பேர் எதிர்ல கத்துன. மன்னிப்பு கேக்க மட்டும் ஆளில்லாத எடமா பாத்து வந்துகீற."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டார். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவர் மேல். சொன்னது அத்தனையும் சரியாக இருந்ததால் வந்த கோபம். மேலே தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற சத்தம் கேட்டது. அது நிற்கிற வரைக்கும் நின்றேன். அவர் கீழே வரவில்லை.