தொட்டிச் சுவரில் நுரை

எங்கள் வீடு பழுகாமத்தில். போன மாரியில் ஒரு நாள், வேலியோரம் இருக்கும் எங்கள் குளிக்கும் தொட்டியின் உட்சுவரில், தண்ணீருக்குச் சற்று மேலே வெள்ளை நுரை அப்பியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் உடுப்புத் தோய்க்கும் பக்கத்து வீட்டு மலரின் வேலைதான் என்று முடிவுகட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவிவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை பொறுக்கவில்லை.

“உங்கட சவுக்கார நுரையெல்லாம் எங்கட தொட்டிக்குள்ளதான் ஊத்துறதா?” என்று வேலிக்கு மேலால் கத்தினேன்.

மலர் வந்து எட்டிப் பார்த்தாள். நுரை இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டோடு விழுந்த சின்ன வால் ஒன்று தண்ணீரில் நெளிந்து நீந்தியது.

“இது தவளை முட்டை, அக்கா. குஞ்சு நேரா தண்ணிக்குள்ள விழட்டுமெண்டு மேல வெச்சிருக்கு.”

நான் தேய்த்துக் கழுவிய இரண்டு நுரைகளும் நினைவுக்கு வந்தன.

“தொட்டிய இறைச்சுப் போடாதீங்க. கால் முளைச்சுப் போகும் வரைக்கும் எங்கட தொட்டியில குளிங்க,” என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேல் அவள் தொட்டியில்தான் குளித்தோம். எங்கள் தொட்டியில் கால் முளைத்து, வால் சுருங்கி, தவளைகள் ஒவ்வொன்றாகச் சுவரேறிப் போயின. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை.